கடல் கடக்கும் கைத்தொலைபேசி

அக்காலத்தில் தலைமன்னாரிலே கப்பலேறியவருக்குக் கடவுச்சீட்டும் மடியில் முடிந்த பணமுமே துணை. இன்று கட்டுநாயக்காவில் விமானமேறுபவரின் பணமும் பயணச்சீட்டும் உறவினர் முகவரியும் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன.

ரொறன்ரோவில் வாழும் மகளிடம் செல்லும் தாயொருவரை நினைத்துப் பாருங்கள். இறங்கியதும் மருமகன் இலங்கைச் சிம் அட்டையைக் கழற்றிக் கனடா அட்டையைப் பொருத்துகிறார். சில நாட்களில் அம்மையார் தமது ஓய்வூதியக் கணக்கைப் பார்க்க விழைகிறார். வங்கியோ இரகசிய இலக்கத்தைக் குறுஞ்செய்தியாகப் பழைய எண்ணுக்கே அனுப்புகிறது. அட்டையை மீண்டும் பொருத்தியும் பயனில்லை. ‘ரோமிங்’ சேவையைப் புறப்படுமுன் அவர் பெற்றிருக்கவில்லை. சொந்தப் பணமிருந்தும், ஒரு சோடிக் காலணிக்கு மகளின் கையை எதிர்பார்க்கும் நிலை!

ஆகவே அச்சேவையை இங்கேயே பெற்றுக்கொள்ளல் வேண்டும். இரண்டு சிம் ஏற்கும் கருவியாயின், இலங்கை அட்டையைக் குறுஞ்செய்திக்கென விட்டு, அதன் இணையத் தரவை மாத்திரம் நிறுத்திவிடலாம். நிறுத்த மறந்தால் கட்டணம் கையைக் கடிக்கும்.

மின்னேற்றியில் 100 முதல் 240 வோல்ற்று எனப் பொறித்திருப்பின், கனடாவின் 120 வோல்ற்றுக்கும் அது பொருந்தும்; தட்டைமுனைச் செருகி ஒன்றே தேவை. பவர் பாங்க் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். பெரிய பெட்டியில் வைக்க விமானங்களில் அனுமதியில்லை.

மகளின் இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கடவுச்சீட்டினுள் வைத்தலும் நன்று. மின்கலம் தீர்ந்த கருவி எவருடைய இலக்கத்தையும் சொல்லாது.