கட்டற்ற மென்பொருளும் கணியம் இதழும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழாவில் கணினி இதழுக்கு என்ன இடம் என்று வினவுதல் இயல்பே. ஒரு துறை தமிழில் நிலைபெற வேண்டுமாயின், அதனை விளக்கும் உரைநடை தமிழில் வளர வேண்டும். அவ்வுரைநடை பயிலும் களம் இதழேயாகும்.

இதற்கு முன்னோடி நம் பகுதியிலேயே உண்டு. தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த நாளில், 1916ஆம் ஆண்டில், இராஜாஜி சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு சங்கம் கண்டார், இதழும் வெளியிட்டார். ஆயினும் அவ்விதழ் ஆங்கிலத்தில் நடந்தது. சொற்கள் தமிழ்; அவற்றைத் தாங்கிய உரைநடை ஆங்கிலம். அன்று நின்ற குறை, நூறாண்டு நெருங்கும் வேளையில் வேறொரு துறையில் எதிர்ப்பட்டது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை தருவது இம்மென்பொருள். எனினும் வீட்டுக் கணினிகளில் விண்டோஸே பரவியிருந்தது. லினக்ஸைக் கையாண்டோர் சிலரே. அவர்கள் கற்றதும் ஆங்கிலம் வாயிலாகவே.

2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. கடத்தூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளிடம் கருவி வந்து சேர்ந்தது. அதைத் திறந்து காட்டும் தமிழ் எழுத்து எங்கே?

2012 சனவரியில் வெளிவந்த கணியம் இவ்வினாவுக்கு விடையளிக்க முற்பட்டது. த. சீனிவாசன் ஆசிரியராக, தன்னார்வலர் எழுத, விலையின்றி வந்த மின்னிதழ் அது. அச்சுச் செலவும் அஞ்சற் செலவும் இல்லை. முதலீடு எழுதுவோரின் உழைப்பு ஒன்றே. கட்டுரைகளைப் படியெடுக்கவும் பிறர்க்கு வழங்கவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இடமளித்தது. மென்பொருளின் அறமே இதழின் அறமாயிற்று. து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ போன்ற தொடர்கள் பின்னர் நூலாயின.

மொழி நோக்கில் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறித்து மயங்க வைக்கும். தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. பொருளை உணர்ந்தோர் தம் மொழியிலேயே எழுதும்போது இத்தகைய தெளிவு பிறக்கிறது. அகராதிக்குள் உறங்கும் கலைச்சொல், பயனுள்ள கட்டுரையில் அமர்ந்த பின்னரே உயிர் பெறுகிறது.

சிற்றிதழ்கள் பலவற்றின் வாழ்வு ஓரிருவர் தோளில் நின்று, அவர் தளர்ந்ததும் முடிந்தது என்பதை இலக்கிய உலகம் அறியும். சிறுபான்மையோர் கையாளும் மென்பொருளுக்கான இதழுக்கு அவ்விடர் இன்னும் மிகுதி. படிப்போருள் சிலரேனும் எழுதுவோராக மாறினாலன்றி அது நிலைக்காது.

இங்கேதான் இலக்கிய வட்டங்களுக்குப் பணி இருக்கிறது. மென்பொருள் அறிந்த இளைஞர் நம் ஊர்களில் உளர். பிழையற எழுதத் தயங்குகின்றனர். பிழை திருத்தவல்ல தமிழாசிரியர்களும் உளர். கணினியை அணுகத் தயங்குகின்றனர். இவ்விருவரும் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் அமர்வாராயின், கடத்தூரிலிருந்தும் மாதம் ஒரு கட்டுரை செல்லும். பதினோராம் ஆண்டின் முதற்பணியாக அதனை இவ்வட்டம் ஏற்குமாக!