வெறுங்காலும் கேடயமும்



புத்தளம் மாவட்டத்துக் கரையோரமான கரைத்தீவில், மாலை வேளையில் மணலிற் பந்துதைக்கும் சிறுவரின் காலிற் சப்பாத்து இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. மணலிற் சப்பாத்து எதற்கு? ஆனால், இந்த வெறுங்கால் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் மானத்தோடு தொடர்புபட்ட பொருளாய் இருந்தது. கல்கத்தாவின் மோகன் பகான் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு அதனைக் காட்டும்.

ஆள்வோரின் ஆட்டத்தை ஆளப்படுவோர் என்ன செய்வது? அயர்லாந்து மக்கள் இதற்கொரு விடை கண்டனர். 1884 நவம்பர் முதலாந் திகதி தேர்ல்ஸ் என்னும் ஊரிற் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். பந்தைக் கையாற் பிடிக்கவும் காலால் உதைக்கவும் இடந்தரும் தமது சொந்த உதைபந்தாட்டத்துக்கு விதிகளும் வகுத்தனர். தேவாலயப் பங்குதோறும் கழகங்கள் எழுந்தன. ஆடுவோர் ஊதியம் பெற்றாரில்லை. ஆங்கிலேயரின் ஆட்டங்களைச் சங்கத்தவர் ஆடலாகாது என்ற தடை 1971 வரை நீடித்தது.

வங்காளிகள் சென்ற வழி வேறு. ஆங்கிலேயரின் ஆட்டத்தையே கற்று, அவர் மைதானத்திலேயே அவரை எதிர்கொண்டனர். 1889 ஆகஸ்டு 15 ஆந் திகதி வட கல்கத்தாவில் மோகன் பகான் என்னும் மாளிகையிற் கழகம் தோன்றிற்று. பூபேந்திரநாத் போஸ் அதன் முதல் தலைவர். முதலாவது ஆண்டு நிறைவு விழாவுக்கு வந்த பேராசிரியர் ரோ, கழகத்தில் துப்பாக்கி சுடுதலும் தூண்டில் மீன்பிடித்தலும் உண்டா என்று வினவினாராம். இல்லையென்றதும், "ஸ்போர்ட்டிங்" என்ற சொல் பொருந்தாது, "அத்லெடிக்" என்பதே தகும் என்றார். பெயர் அவ்வாறே மாறிற்று. ஓர் ஆசிரியரின் திருத்தத்தை உடனே ஏற்ற கழகம் இதுவொன்றே போலும்!

மாணவரே பெரும்பாலும் உறுப்பினர். ஒழுக்கத்திற் கண்டிப்பு மிகுதி. எனினும் வெற்றி விரைந்து வரவில்லை. பிற்காலத்துக் கதைகள் மறப்பது இந்த நெடிய காத்திருப்பைத்தான். 1904 இற் கூச்பிகார் கிண்ணம். பின்னர் 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து டிரேட்ஸ் கிண்ணம். இதற்கிடையே, 1905 இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மக்கள் உள்ளம் கொதித்திருந்தது.

1911 இல் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி வந்தது. ஆங்கிலப் பட்டாளங்களின் கோட்டை அது. மோகன் பகான் அணியிற் பதின்மர் வெறுங்காலர். சப்பாத்தணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. இரும்பெனக் கடினமான சப்பாத்தின்முன் வெறுங்காலை நீட்டுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதைப் பந்தாடியவரே அறிவர். மழைபெய்து புல் நனைந்தாலோ வெறுங்கால் வழுக்கும்; சப்பாத்தணிந்தவர் உறுதியாய் நிற்பர். இவர்களுக்குத் துணை வேகமும், ஒருவர்க்கொருவர் பந்தைக் கடத்தும் நுட்பமுமே.

அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்துடன் ஆட்டம் சமனாயிற்று. மீண்டும் ஆடி மூன்று கோல்களால் வென்றனர். ஜூலை 29 ஆந் திகதி இறுதியாட்டம்; எதிரணி கிழக்கு யோர்க்சயர் பட்டாளம். கல்கத்தா மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் திரண்டனர் என்பர். வெளியூராருக்கென விசேட புகைவண்டி ஓடிற்று. ஆட்டத்தைக் காண இயலாத தூரத்தில் நின்றவர்க்குப் பட்டங்களை வானிலேற்றிக் கோல் கணக்கை அறிவித்தனர். வானொலி இல்லாத காலத்தின் நேர்முக வர்ணனை அது!

முதற் கோல் பட்டாளத்தாருடையது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி கணக்கைச் சமன்செய்தார். அடுத்து அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று. அக்கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே.

அவ்வாண்டு டிசம்பரில் வங்காளப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரும் டில்லிக்கு மாறுமென அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கும் அவ்வெற்றிக்கும் முடிச்சுப் போடுவாருளர். அரசுகள் ஒரு கோலுக்காகத் தலைநகரை மாற்றுவதில்லை. ஆயினும், கல்கத்தாவின் தெருக்களில் நடந்த சாதாரண மனிதன் அன்றிரவு சற்று நிமிர்ந்து நடந்திருப்பான்.

வெறுங்காலின் புகழுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில், இக்கழகத்தைச் சேர்ந்த தாலிமேரன் ஆவோவின் தலைமையில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி, பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று என்றே தோற்றது. 1952 இல் ஹெல்சிங்கியிலோ யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என வென்றது. அதன்பின் இந்திய ஆட்டக்காரர்க்குச் சப்பாத்துக் கட்டாயமாயிற்று. பெருமைக்குரியதாயினும், பழையதைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் சற்று நீண்டுவிட்டதென்றே சொல்லவேண்டும்.

கழகம் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை மறுமுறை வெல்ல 36 ஆண்டுகள் சென்றன. 1947 இல் அது கிட்டியபோது எதிரே ஆங்கிலப் பட்டாளம் நிற்கவில்லை; அதே கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகமே நின்றது.