கண்ணாடியில மோதின பறவை: முதல் ஒரு மணி நேரம்

செப்டம்பர், அக்டோபர் வந்துட்டா எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். ஒரு போட்டோ இருக்கும். பால்கனித் தரையில கலர் கலரா ஒரு குருவி, இறகெல்லாம் உப்பிப்போய், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு வரி: "இது என்ன பறவை? தண்ணி கொடுக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வேண்டாம். தண்ணியும் வேண்டாம், சோறும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். ஏன்னு பிறகு சொல்றேன்.

அது என்ன பறவை? பெரும்பாலும் ஆறுமணிக்குருவி. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுறதால அந்தப் பேர். பொன்னுத்தொட்டான்னும் சொல்லுவாங்க. வடக்கே நவ்ரங், அதாவது ஒன்பது நிறம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருது. எடை ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். பயணம் பெரும்பாலும் ராத்திரியில். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து, களைச்சுப்போய் விடியக்காலையில் ஒரு ஊரில் இறங்குது. அங்கே கண்ணாடியில் மரம் தெரியுது, வானம் தெரியுது. அது பிம்பம்னு பறவைக்குத் தெரியாது. நேரா போய் மோதிடும்.

இந்தக் குருவி மட்டும் இல்ல. மீன்கொத்தி மோதும். மலைப்பகுதி விடுதிகளில் நம்ம மாநிலப் பறவையான மரகதப்புறா மோதும். அது மரங்களுக்கு நடுவே தாழ்வா, ரொம்ப வேகமா பறக்கும்.

மோதின பறவை கீழே கிடந்தா "கழுத்து ஒடிஞ்சுபோச்சு"ன்னு நாம சொல்லிடுவோம். அமெரிக்காவில் டேனியல் கிளெம்னு ஒரு ஆய்வாளர், 1970-களிலிருந்து இதையே ஆராய்ச்சி பண்றவர். அவர் பார்த்த வரைக்கும், பெரும்பாலும் அடி தலையில்தான். மூளையில் ரத்தக்கசிவும் வீக்கமும். அதாவது பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட ஆள் மாதிரி. அந்த ஆளைச் சுத்திப் பத்து பேர் நின்னு, வாயில் தண்ணி ஊத்தி, செல்ஃபி எடுத்தா எப்படி இருக்கும்? பறவைக்கு நாம பண்றது பல நேரம் அதுதான்.

சரி, என்ன செய்யணும்?

முதல் வேலை, காக்காவையும் பூனையையும் தள்ளி வைக்கிறது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணா இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கார். பறவை விழுந்தா உடனே, ஓட்டை போட்ட காய்கறிக் கூடையைக் கவுத்துடுவார். மேலே ஒரு துணி. அதுக்கப்புறம்தான் பெட்டி தேடப் போவார். "காக்கா நம்மளவிட சீக்கிரம் வந்துடும் தம்பி"ன்னார். நூத்துக்கு நூறு உண்மை.

அடுத்து, ஒரு ஷூ பாக்ஸ் எடுங்க. மூடியில் பேனாவால் பத்து ஓட்டை. உள்ளே பழைய பனியன் துணி. மெல்லிய துண்டைப் பறவை மேல போட்டு, இரண்டு கையாலும் இறக்கையோட சேர்த்து லேசா எடுங்க. நெஞ்சை அழுத்தக் கூடாது. நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைஞ்சாதான் மூச்சு. இறுக்கிப் பிடிச்சா, காப்பாத்தற கையிலேயே மூச்சு நின்னுடும்.

உள்ளே வெச்சு மூடிடுங்க. இருட்டுதான் மருந்து. கண்ணுக்கு எதுவும் தெரியலைன்னா பறவையோட பதற்றம் இறங்கும். பெட்டியை வெயிலும் ஏசி காத்தும் நேரா படாத, சத்தமில்லாத இடத்தில் வைங்க. வீட்டுக்குள்ளே பெட்டியைத் திறக்காதீங்க. திடீர்னு பறந்தா மேலே ஓடுற ஃபேன் இருக்கு, இன்னொரு ஜன்னல் இருக்கு.

இப்போ தண்ணி விஷயம். பறவைக்கு மூச்சுக்குழாயோட வாய் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு. மயக்கத்தில் இருக்கும்போது ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தினா, அது நேரா நுரையீரலுக்குப் போக வாய்ப்பு ரொம்ப அதிகம். பாசத்தோட கொடுத்த தண்ணியே கொன்னுடும்.

ஒரு மணி நேரம் விடுங்க. அரை மணிக்கு ஒருதடவை காது கொடுத்துக் கேளுங்க. உள்ளே படபடன்னு சத்தம் வந்தா, கண்ணாடி இல்லாத, செடி இருக்கிற இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய்த் தரையில் வெச்சு மூடியைத் திறந்துட்டு, தள்ளி நில்லுங்க. சினிமாவில் வர மாதிரி மேலே தூக்கி எறிய வேண்டாம். தயாரானா அதுவே போகும். இருட்டிடுச்சுன்னா ராத்திரி பெட்டியிலேயே இருக்கட்டும், விடிஞ்சதும் திறங்க.

இரண்டு மணி நேரம் ஆகியும் பறக்கலையா? டாக்டர்கிட்ட போகணும். இறக்கை தொங்கினா, ரத்தம் வந்தா, தலை ஒரு பக்கம் சாய்ஞ்சே இருந்தா காத்திருக்கவே வேண்டாம். பூனை வாய் பட்டிருந்தா, காயம் தெரியலைன்னாலும் உடனே போங்க. பூனைப் பல்லில் இருக்கிற கிருமிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, கிண்டி பக்கம் ப்ளூ கிராஸ். மத்த ஊர்னா வனத்துறைக்குப் போன் பண்ணிக் கேளுங்க. "அழகா இருக்கே, வளர்க்கலாமா?"ன்னு வீட்டில் ஒருத்தர் கேட்பாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைக் கூண்டில் வைக்க முடியாது.

இவ்வளவு பண்ணியும் சில பறவை பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும். பறந்துபோனதில்கூட சிலது உள்காயத்தால் பிறகு இறக்கும். இதை மறைக்கப் போறதில்ல. அதனாலதான் மோதாம பார்த்துக்கிறது முக்கியம்.

2023 அக்டோபர் 5 அன்னைக்கு, சிகாகோவில் ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த வருஷம் அந்தக் கண்ணாடி முழுக்கப் புள்ளி வெச்ச ஃபிலிம் ஒட்டினாங்க. சாவு பெருமளவு குறைஞ்சது. புள்ளிதான் தீர்வு. நமக்குப் புள்ளி வைக்கவா தெரியாது? மார்கழியில் வாசலில் வைக்கிறதுதானே. எந்தக் கண்ணாடியில் மோதுதோ, அதோட வெளிப்பக்கத்தில், இரண்டு இன்ச்சுக்கு ஒரு புள்ளி. போஸ்டர் கலர் போதும், சீசன் முடிஞ்சா கழுவிடலாம். நடுவில் ஒரே ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டினா பலன் கிடையாது. அதைச் சுத்திக்கிட்டுப் போய் பக்கத்தில் மோதும். உயரமான மாடியில் நீங்களே எட்டி வைக்காதீங்க, கண்ணாடி துடைக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் ராத்திரி தேவையில்லாத லைட்டை அணைங்க.

ஒரு காலி ஷூ பாக்ஸை இன்னைக்கே எடுத்து, ஓட்டை போட்டுப் பரண் மேல வெச்சிடுங்க. இந்த எபிசோடை உங்க அப்பார்ட்மெண்ட் குரூப்பில் போடுங்க. முக்கியமா வாட்ச்மேன் அண்ணாகிட்டயும், காலையில் பெருக்க வர்ற அக்காகிட்டயும் வாயால சொல்லுங்க. விழுந்த பறவையை முதல்ல பார்க்கிறது அவங்கதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.