தேயும் தசையும் தேடிய மருத்துவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமே. மெட்ரிகுலேஷன் வரை படித்து, புகைவண்டிச் சரக்கு அலுவலகத்திலே பேரேடு எழுதுகிறவன் நான். என் தமக்கை மகனுக்கு வந்த நோயே என்னை இத்துறையில் மாணவனாக்கியது. பிழையிருப்பின் இங்குள்ள மருத்துவ அன்பர்கள் பொறுத்தருள்க.

அவனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. வலக்கைப் பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியது. வலியில்லை; மரத்துப்போதலும் இல்லை. நம் புனேயின் மார்கழிக் காலையில் மட்டும் விரல்களை நீட்டவே இயலாது தவிப்பான். ஒரு மருத்துவர் பார்த்தார். இயக்க நரம்பணு நோய் என்றார். சில ஆண்டுகளே என்றார். அன்றிரவு என் தமக்கையிடம், “அக்கா, இனி அவனுக்குக் கல்லூரி எதற்கு?” என்று கேட்டவன் நானே. ஒன்றரை ஆண்டு பையன் வீட்டிலே முடங்கினான். அக்காளின் வளையல்கள் தைலங்களாக மாறின.

அந்நோய்தான் யாது? தண்டுவடத்தின் முன்பகுதியில் தசைகளுக்கு ஆணையிடும் உயிரணுக்கள் உள்ளன. அவற்றைச் சிக்னல் கேபின் என்று கொள்ளுங்கள். கேபினில் ஆளில்லையேல் கைகாட்டி இறங்காது, வண்டி நகராது. ஆணை வாராத தசை நாளடைவில் வற்றிவிடும். இளம்பிள்ளை வாதம் தாக்குவதும் இவ்வணுக்களையே. காரணம் தெரியாமல் இவை அழியும் கொடிய நோயைப் பிரான்சு நாட்டுச் சார்கோ என்பார் 1869-இல் விளக்கினார். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோருக்கு வரும். பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகள் ஓய்ந்து இறப்பர். 1995-இல் ரிலுசோல் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயின் வேகத்தைச் சிறிதே குறைக்கிறது.

இனி நம்மவர் செய்ததைக் கேளுங்கள். சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்பது அரசுப் பொது மருத்துவமனை. அங்கே டாக்டர் பா. ராமமூர்த்தி 1950-இல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அங்கு வந்த தசைத்தேய்வு நோயாளருள் ஒரு சாரார் மேல்நாட்டுப் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. அவர்கள் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். கைகால் மெலிந்திருந்தது, முகமும் நாவும் தொண்டையும் தளர்ந்திருந்தன, சிலருக்குக் காதும் மந்தம். ஆனால் அவர்கள் சாகவில்லை! ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-இல் இதனை எழுதி வெளியிட்டனர். உலக மருத்துவ நூல்கள் இன்று இதனைச் ‘சென்னை வகை’ என்றே குறிக்கின்றன. பெங்களூரில் கௌரி தேவியும் சுரேஷும் 1988-இல் இத்தகையோரைப் பற்றி மீண்டும் எழுதினர்.

பேரேட்டில் ஒரு கணக்கு ஒத்துவராவிட்டால் அதை அடித்துத் திருத்தி ஒப்பேற்றும் குமாஸ்தாக்களை நான் அறிவேன். இவர்கள் அதைச் செய்யவில்லை. ஒத்துவராததைத் தனியே எடுத்து வைத்து எண்ணினார்கள்.

காது மந்தமும் நாத்தளர்ச்சியும் சேர்ந்து வரும் வேறொரு பரம்பரை நோயும் உண்டு. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமினை உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்லும் வழி பழுதுபட்டதே அதற்குக் காரணம் என்பது 2010-க்குப் பின் தெளிவாயிற்று. அவ்வைட்டமினைப் பேரளவில் கொடுக்கப் பலர் தேறுகின்றனர். ஆகையால் தசைத் தேய்வோடு காதும் மங்கினால், அதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் பையனுக்கு வந்தது இவ்விரண்டும் அல்ல. உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் பெங்களூர் சென்றோம். கழுத்தை நேராக வைத்து எடுத்த படத்தில் முன்னர் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அங்கே கழுத்தைக் குனியவைத்து எடுத்தார்கள். குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னே நகர்ந்து தண்டுவடத்தை நெருக்குவது தெரிந்தது. ஜப்பானியரான ஹிராயாமா 1959-இல் விளக்கிய நோய் இது. பெரும்பாலும் இளைஞருக்கு, பெரும்பாலும் ஒரு கையில் வரும். சில ஆண்டுகள் தேய்ந்தபின் தானே நின்றுவிடும். ஒரு கையோ ஒரு காலோ மட்டும் இவ்வாறு தேய்வதை நம் நாட்டில் கௌரி தேவி குழுவினர் 1984-இலேயே எழுதியிருந்தனர். கழுத்துப் பட்டை ஒன்றைக் கொடுத்து, குனியாதே என்றார்கள். அவ்வளவே!

ஊர் திரும்பும் வண்டியில் அக்காள் ஒரு வார்த்தையும் என்னைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நம் காலனியில் எவருக்கேனும் சதை வற்றினால் என்னிடம் வாருங்கள். எந்த மாதம் தொடங்கியது, எந்தக் கை, பேச்சிலோ விழுங்குவதிலோ தடையுண்டா, காது கேட்கிறதா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் உண்டா — இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் சொல்வது அச்சந்தருவதாயின் இன்னொரு நரம்பியல் மருத்துவரையும் காணுங்கள். எல்லாம் இலேசான நோய்களே என்று நான் சொல்லவில்லை, கொடியதும் உண்டு.

வற்றிய சதை பையனுக்குத் திரும்பவில்லை. ஆனால் தேய்வு நின்று மூன்றாண்டு ஆகிறது. இடக்கையால் எழுதிப் படிப்பை முடித்தான். என் உரைக்குப் பின் நடைபெறும் நாடகத்துக்குத் திரை இழுக்க இப்போது மேடைக்குப் பின்னே காத்து நிற்பவன் அவனே. அவனை நெடுநேரம் நிற்கவைக்கலாகாது.