நம்ம ஏரியாவின் பெருமைக்குரிய பெண்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

 

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. நம்ம ஏரியாவின் பெரிய மனிதர்கள் யார் என்று கேட்டால் சினிமாக்காரர், பாட்டுக்காரர், வக்கீல், கிரிக்கெட் வீரர் என்று கடகடவென்று சொல்லிவிடுவோம். பெண்கள் பெயரைச் சொல்லுங்க என்றால் கொஞ்சம் யோசிப்போம். ஆனா நாம் தினமும் பஸ்ஸில் போகும்போது அவர்கள் கட்டிய வாசல்களைத் தாண்டித்தான் போகிறோம். இன்றைக்கு நாலு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் என்றால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவருடைய அப்பா படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் வாங்கினார். வாங்கியதும் தன்னைப் போல் விதவையான சில சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த விடுதி வளர்ந்து கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனது. இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதே கட்டிடம்தான். தி.நகர் சாரதா வித்யாலயாவும், 1956-ல் ஆரம்பித்த மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளியும் அவர் முயற்சிதான்.

இரண்டாவது, துர்காபாய் தேஷ்முக். அடையாறு பாலம் பக்கம் அவர் பெயரில் ரோடே இருக்கிறது. பிறந்தது ஆந்திராவில் ராஜமுந்திரியில். 8 வயதில் கல்யாணம். விவரம் தெரிந்ததும் அந்த வாழ்க்கைக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உப்பு சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து, விட்ட படிப்பைப் பிடித்து, 1942-ல் சட்டப் படிப்பு முடித்தார். நடுவிலேயே, 1937-ல், மயிலாப்பூரில் சில பெண்களுக்கு மெட்ரிக் பரீட்சைக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அதுதான் ஆந்திர மகிள சபா. நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர்.

மூன்றாவது பெயர் உங்களுக்கே தெரியும். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டம் யார் பெயரில் இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! பிறந்தது புதுக்கோட்டையில். அம்மா தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் படித்த கல்லூரியில் இவர் சேர எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் அனுமதி கொடுத்துதான் படித்தார். 1912-ல் டாக்டர் ஆனார். சட்டசபைக்குப் போய் தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார், 1947-ல் அது சட்டமாகவே வந்தது. விடுதிகள் சேர்க்க மறுத்த பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடையாறு அவ்வை இல்லம் அப்படித்தான் உருவானது.

இவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கம் இவரை விடவில்லை. கேன்சர் வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்கு தனி ஆஸ்பத்திரி என்று பலர் நினைத்த காலம் அது. 1917-ல் அடையாறில் ஆரம்பித்த இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1952-ல் அடிக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி பெயர்ப்பலகையை அடுத்த முறை கவனித்துப் பாருங்க. டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும். அது அந்த மாதர் சங்கத்தின் பெயர். ஆமாம் சகோதரிகளே, அந்த ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தது ஒரு பெண்கள் சங்கம்!

நாலாவது, டாக்டர் சாந்தா. 1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். அரசு ஆஸ்பத்திரி வேலை கையில் இருந்தும் வேண்டாம் என்று 1955-ல் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தார். வளாகத்திலேயே குடியிருந்து, 2021-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். 2005-ல் மகசேசே விருது பெற்றார்.

"அவங்கல்லாம் படிச்சவங்க, நாலு பெரிய மனுஷங்களைத் தெரிஞ்சவங்க. நம்மால ஆகுமா?" என்று நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஐஸ் ஹவுஸ் விடுதியே பிராமண விதவைகளுக்காகத் தொடங்கியதுதான். சாந்தா பிறந்தது சர் சி.வி.ராமன் குடும்பத்தில். எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது. ஆனா ஒன்று கவனிங்க. முதல் மூன்று பேரும் தனக்கோ தன் வீட்டுக்கோ வந்த கஷ்டத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக்கூடாது" என்று நாலு பேரைச் சேர்த்தார்கள். ஆரம்பித்தது ஒரு வீட்டில், சில பெண்களோடு. நம்ம குழுவும் அப்படித்தானே ஆரம்பித்தது? அதோடு, இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். பிழைக்க வந்த நமக்கும் இந்த ஊரில் பங்கு உண்டு.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருகிறேன். களப்பணிக்கு வீடு வீடாகப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது, "கட்டிதான் இருக்கு, வலி இல்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்பது. மார்பகக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுவது, உறவுக்குப்பின் ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இதையெல்லாம் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. கருப்பை வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகக்கூடியவை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்.

ஒரு நாள் வேலை போகுமே என்ற கவலை புரிகிறது. அதனால்தான் குழுவாகப் போகணும். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிக்குப் பதிலாக அன்றைக்கு இன்னொருத்தி போகட்டும். ஆட்டோ செலவுக்கு உள்கடன் கொடுங்க. அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க: 30 வயது தாண்டிய உறுப்பினர்கள் யார் யார், எந்தத் தேதியில் போகிறோம், கூட யார் போவது. சந்தா கட்டாதவர் பெயரைக் கேட்கிற மாதிரி, போகாதவர் பெயரையும் கேளுங்க. திட்டாதீங்க, கூட்டிக்கொண்டு போங்க.

ஒரு பெண்கள் சங்கம் நமக்காக ஆஸ்பத்திரியே கட்டி வைத்திருக்கிறது. நம்ம சங்கம் நம்ம பெண்களைப் பரிசோதனைக்காவது அழைத்துப் போகட்டும்.