மெசினில் பேர் இருக்கிறது

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்த டீச்சர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசிவிட்டார். நான் எங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. வேலை நின்று பாழாய்க் கிடந்த கட்டடத்தைத் திருத்தி, 2001இல் திறந்தார்கள். கீழே பெரிய பெரிய எஞ்சின்கள். அந்தக் காலத்தில் ஓர் எஞ்சின் ஓடினால் போதும், அதிலிருந்து போகும் தண்டும் பெல்ட்டும் தொழிற்சாலை முழுவதையும் சுழற்றும். மேல் மாடியில் கொழுந்தை வாட்டுவார்கள். வாடிய கொழுந்து கீழே ரோலருக்கு இறங்கும், பிறகு ட்ரையர், பிறகு சலிப்பு. இதையெல்லாம் நான் விளக்கத் தொடங்குமுன் ஒரு பையன் முந்திக்கொண்டான். அவனுடைய அப்பா ஸ்டோரில் வேலை. "டீச்சர், இதே மாதிரி ஒண்ணு எங்க ஸ்டோர்ல இன்னும் ஓடுது" என்றான். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியதை வைத்துத்தான் சில இடத்தில் இன்னும் நம்மிடம் வேலை வாங்குகிறார்கள்!

ரோலர் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது மனிதர் கை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். முதலில் பறித்த கொழுந்தை அவருடைய பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். கரி நெருப்பில், மண் அடுப்பில் காயவைத்தார்கள். டெயிலரின் பேரைப் பாடப் புத்தகத்தில் நானே படிப்பிக்கிறேன். உருட்டியவர்களின் பேரைப் படிப்பிக்க எந்தப் புத்தகமும் இல்லை.

பழைய தேயிலை மெசின்களில் செய்த கம்பனியின் பேரை இரும்பிலேயே வார்த்திருப்பார்கள். பெல்பாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த 'சிரொக்கோ' ட்ரையர், கேயின்ஸ்பரோவின் மார்ஷல், நம் நாட்டிலேயே வாக்கர் கம்பனி. ஒரு பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "செஞ்சவங்க பேரு இருக்கு. ஓட்டினவங்க பேரு எங்க டீச்சர்?"

செக்ரோலில் இருந்தது என்றேன். நம் வீடுகளில் பேர் என்றாலே ஒரு நாள் சம்பளம்தானே. பேர் போட்டார்களா, அரைப்பேர் போட்டார்களா என்று அம்மா அப்பா பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தச் செக்ரோல் புத்தகங்களை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், 2007இல், ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். காம்பராவில் புழங்கிய சாமான்கள், வேலைக் கருவிகள், பழைய பத்திரங்கள் இருக்கின்றன. எங்களோடு வந்த ஒரு தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம்? நாங்க இன்னும் இதுலதானே இருக்கோம்" என்றார். சிரித்தோம். ஆனால் அந்த இடம் எனக்குப் பிடித்தது.

நேற்றுப் பஸ்ஸில் கந்தளாயைக் கடந்தபோது இதெல்லாம் மனதில் ஓடியது. 1960இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கட்டிய சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. அந்த மெசின்களுக்கு அருங்காட்சியகம் இல்லை, துருதான். அதற்குக் கரும்பு வெட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

இங்கே இருக்கும் பல குடும்பங்கள் 1977இலும் 1983இலும் மலையிலிருந்து உடுத்த துணியோடு ஓடி வந்தவை. நேற்றிரவு நான் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்தார். இரண்டு சம்பளத் துண்டு, ஒரு ஊழியர் சேமலாப நிதிக் கடதாசி. நாற்பது வருசமாக அதை யாரிடமும் காட்டவில்லையாம். "இதெல்லாம் செல்லுமா புள்ள?" என்று கேட்டார்.

சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்தது. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்கலாம். ஆள் இறந்துபோனால் உரித்தாளர் கேட்கலாம். தோட்டத்தை விட்டு ஓடி வந்ததால் அந்த உரிமை போய்விடாது. தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்கும்போது அங்கத்துவ எண்ணும் தோட்டத்தின் பேரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய தொல்லை பேர்தான். செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புப் பதிவில் வேறொன்று. கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதிவிட்டார். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாம். அதைச் செய்ய உதவத்தான் சங்கம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மூலை மேசையில் இருப்பேன். பெட்டியில் கிடக்கும் சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கடதாசி, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துப் பிறப்புப் பதிவு எதுவானாலும் கொண்டுவாருங்கள். கறையான் தின்ற பாதியென்றாலும் சரி. யாரிடமும் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், எனக்கும் வேண்டாம். போனில் படம் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன். அந்தப் பாட்டி காலையிலேயே பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், முதலில் அவருடையது.