மழலையர் கையில் எந்த விளையாட்டு?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைக்கு விளையாட்டே கல்வி. அக்கல்வியும் நமக்கு எளிதில் கிட்டியதன்று. பட்டுக்குப் பேர்போன இக்காஞ்சியில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் பிணைக்கப்பட்ட சிறுவரைப் பற்றி, ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ என்னும் பன்னாட்டு அமைப்பு 2003-ஆம் ஆண்டு எடுத்துரைத்தது. தறிக்குழியில் இளமையை இழந்தோர் நம்மிடையே உண்டு. அரும்பாடுபட்டு மீட்ட அவ்வயதை இன்று கைபேசிக்கு அடகு வைக்கலாமா?

தாய் வேலையில் இருக்கையில், பிள்ளை அழாதிருக்கக் கைபேசி தரப்படுகிறது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத வீட்டை நாம் பழிப்பதற்கில்லை. ஆயினும், தருவதைத் தேர்ந்து தருவோம்.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அளித்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டியதில்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது. குறையக் குறைய நன்று.

அடுத்துத் தேர்வு. ‘3+’ என்ற குறியைக் கண்டு மயங்கலாகாது. தீய காட்சி இல்லை என்பதற்கே அது அடையாளம். மூன்று வயதுப் பிள்ளைக்கென ஆக்கப்பட்டது என்பதற்கு அன்று. கணக்குப் போடும் செயலிக்கும் அக்குறி உண்டு. எனவே பெரியவர் முதலில் விளையாடிப் பார்க்க வேண்டும். இடையே விளம்பரம் வருகிறதா? காசு கேட்கிறதா? இணையத்தை நிறுத்தினால் இயங்குமா? கடிகாரம் காட்டி விரட்டுகிறதா? ஓர் ஆட்டம் முடிந்ததும் நிற்கிறதா, அடுத்ததைத் தானே தொடங்குகிறதா? பிள்ளை விளையாட்டை ஆட்ட வேண்டுமேயன்றி, விளையாட்டு பிள்ளையை ஆட்டக் கூடாது.

விலையும் விளம்பரமும் இல்லாதவை உள்ளன. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஜிகாம்ப்ரிஸ்’, 2018-இல் வந்த ‘கான் அகாடமி கிட்ஸ்’ இரண்டும் அத்தகையன. பின்னது ஆங்கிலத்தில் பேசும். ஆகவே அருகமர்ந்து தமிழில் சொல்லித் தருதல் வேண்டும். திரையில் மூன்று பழம் எண்ணிய பிள்ளை, உடனே அடுக்களையில் மூன்று கரண்டி எண்ணட்டும். திரையைத் தேய்க்கும் விரலுக்கு வலுவேறாது. களிமண் பிசைவதும் மணல்வீடு கட்டுவதுமே நாளை எழுதுகோல் பிடிக்கும் விரலை உருவாக்கும். மூன்று வயதானதும் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். அங்கே விளையாட்டுத் தோழரும் கிடைப்பர்.

இளைஞர்களே! கைபேசியின் நுட்பம் எங்களினும் நீங்கள் அறிவீர்கள். மாலை வேளையில் தெருவிலுள்ள வீடுகளுக்குச் செல்லுங்கள். வேண்டாத விளையாட்டை நீக்குங்கள். தக்கதைப் பதித்துக் கொடுங்கள். கடவுச்சொல் இன்றிக் காசு போகாதபடி பூட்டுங்கள். காசு செலவில்லாத இத்தொண்டு, நம் அடுத்த தலைமுறைக்கு நீங்கள் இடும் முதல் எழுத்தாகும்.